திடலைப் பூட்டினால் பிள்ளை நிற்பானா?

ஒன்பதிலும் பத்திலும் பள்ளியை விட்டு நின்றுவிடும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோர் வறுமையையே முதற் கரணியமாகக் காட்டுவர். அஃது உண்மையே, முழு உண்மை அன்று. வறுமை அவன் எட்டாம் வகுப்பில் இருந்தபோதும் இருந்ததன்றோ?

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 அகவை வரையே பிள்ளையைக் காக்கின்றது. எட்டு வரை தடையின்றி ஏறிவந்தவன் ஒன்பதில்தான் முதன்முறையாக வீழ்த்தப்படுகின்றான். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 கடந்தவனை இடர்மிக்க தொழில்களினின்று மட்டுமே தடுக்கின்றது. தேநீர்க்கடையும் மளிகைக்கடையும் திறந்தே கிடக்கின்றன. கொங்குப் பகுதியிலோ பெண்பிள்ளைகளை நூலாலை ஊர்திகள் ஊர்தோறும் வந்து ஏற்றிச் செல்கின்றன. வெளியே இழுக்கும் கைகள் இத்துணை இருக்க, உள்ளே பற்றி நிறுத்தும் கை ஒன்றேனும் வேண்டாவா?

படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு அக் கை சடுகுடுத் திடல், சிலம்பக் கோல், பறை, வண்ணக்கோல். கணக்கில் 12 மதிப்பெண் பெற்றுக் கூனிக் குறுகி அமர்ந்திருப்பவன் மாலையில் கோல் சுழற்றுங்கால், வகுப்பில் முதல்வனாக வந்தவன் ஒதுங்கி நின்று வியந்து பார்க்கின்றான். அவ்வொரு பொழுதுக்காகவே அவன் மறுநாட் காலையும் வருவான். மூன்று நாள் வாராதவனைத் தேடி அவன் வீட்டுக்கு முதலிற் செல்வாரும் ஆள் குறைந்த அணித் தோழரே. வருகைப் பதிவேடு அன்று.

இவற்றைப் 'பாடத்திற்குப் புறம்பானவை' என்பதே பிழை. இயலோடு இசையையும் கூத்தையும் சேர்த்து முத்தமிழ் என எண்ணிய இனத்தார் வாயில் இப் பெயர் எவ்வாறு நுழைந்ததோ!

ஆயினும் நடப்பதென்ன? பத்தாம் வகுப்புத் தேர்வு வருகின்றதென்று விளையாட்டுப் பாடவேளையைக் கணக்காசிரியர் எடுத்துக்கொள்கின்றார். அவரை நொந்தும் பயனில்லை. தேர்ச்சி விழுக்காடு தாழ்ந்தால் விளக்கம் எழுத வேண்டியவர் அவரே. இதனினும் கொடியது, தேர்வில் தோற்றவனை ஒறுப்பாக அணியினின்றும் நீக்குவது. நோயாளியின் கையிலிருந்து மருந்தைப் பிடுங்கும் மருத்துவத்தை வேறெங்கும் காணோம்.

2012இல் தமிழ்நாட்டரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 16,500 பகுதிநேர ஆசிரியரை அமர்த்தியது. அன்று வகுத்த திங்களூதியம் 5,000 உருபா. பணி கிழமைக்கு மூன்று அரைநாள். அதுவும் கட்டாயக் கல்விச் சட்டத்தின் வழி ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகட்கே. எவ்வகுப்பிற் பிள்ளை நழுவுகின்றானோ அவ்வகுப்பை அத்திட்டம் எட்டவில்லை! 2022இல் தொடங்கிய பள்ளிக் கலைத்திருவிழா வரவேற்கத் தக்கதே. ஆனால் ஆண்டு முழுதும் பயிற்றுவாரின்றி ஆண்டுக்கொருமுறை மேடையேற்றுதல், உழாத நிலத்தில் அறுவடைக்கு நாள் குறித்தலே ஆகும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகட்குக் கலையாசிரியரும் உடற்கல்வியாசிரியரும் முழுநேரப் பணியில், முழு ஊதியத்தில், போதிய அளவில் வேண்டும். அப் பாடவேளையை எவரும் எடுத்தலாகாது. தேர்வில் தோற்றவனை அணியினின்று நீக்கும் வழக்கத்தையோ இவ்வாண்டே நிறுத்தலாம். அதற்கு ஒரு காசும் செலவில்லை.