முன்பின் தெரியாதவருக்கு நாலு வரி



நம்மில் எத்தனை பேருக்குக் கம்பெனியில் 'தெரிந்தவர்' இருக்கிறார்? விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒருவனுக்குச் சித்தப்பா ஸ்ரீபெரும்புதூரில் சூப்பர்வைசர். இன்னொருவனுக்கு மாமா கோவையில் பவுண்டரி வைத்திருக்கிறார். அவர்கள் கொடுத்து வைத்தவர்கள், பொறாமைப்பட்டுப் பயனில்லை. மீதிப் பேர் யார்? அப்பா விவசாயக் கூலி, அம்மா தீப்பெட்டி ஆபீஸ், அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி என்று வந்து, குடும்பத்திலேயே முதன்முதலாக மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்தவர்கள். நமக்காக ஒரு வார்த்தை சொல்ல ஆலைக் கதவுக்கு உள்ளே ஆள் கிடையாது.

அந்த ஆளை நாமே தேடிக்கொள்ள இன்று ஒரு வழி இருக்கிறது. 2003-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு, 2016-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய லிங்க்ட்இன் தளத்தைத்தான் சொல்கிறேன். ஓசூரில் டூல் ரூமில் நிற்கிறவரும், ஒரகடத்தில் ஷிப்ட் பார்க்கிறவரும் தம் பெயரையும் வேலையையும் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போய்க் கதவைத் தட்டலாம். ஆனால் நாம் எப்படித் தட்டுகிறோம்? அதைப் பற்றித்தான் இந்த மலரில் நாலு வார்த்தை பேச விரும்புகிறேன்.

ஐந்தாம் செமஸ்டர் வந்தால் போதும், விடுதியில் எல்லோரும் யாரென்று பாராமல் இணைப்புக் கேட்கத் தொடங்குகிறோம். எதிராளி ஏற்றுக்கொண்ட மறுநிமிடமே, "மதிப்பிற்குரிய ஐயா, நான் டிப்ளமோ முடிக்கப்போகிறேன். குடும்பச் சூழ்நிலை மிகவும் கஷ்டம். தங்கள் நிறுவனத்தில் ஏதாவது ஒரு வேலை தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பதன் ஆங்கில வடிவத்தை ஒட்டுகிறோம். அதே வரிகள்தான், நாற்பது பேருக்கும். "மச்சான், இன்னிக்கு நாப்பது பேருக்குப் போட்டுட்டேன்டா!" என்று பெருமை வேறு. "பதில் வந்துச்சா?" என்று கேட்டால், "எவன்டா மதிக்கிறான்?" என்று வருகிறது பதில்.

என் கருத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். பதில் வராததற்குக் காரணம் நம் டிப்ளமோ அல்ல, நம் ஆங்கிலமும் அல்ல. நாம் அனுப்புவது மனு, அதுதான் காரணம். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை கொடுக்கிறோமே, அந்த மனு. மனுவை வாங்குகிறவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். கலெக்டருக்கு இருக்கிறது, ஷிப்ட் இன்ஜினியருக்கு இல்லை. அவரால் வேலை போட்டுத் தர முடியாது. 'முடியாது' என்று எழுத மனசும் வராது. எனவே பேசாமல் இருந்துவிடுகிறார். அதை நாம் திமிர் என்கிறோம்.

அப்படியானால் என்ன எழுதுவது? கேள்வி எழுதுங்கள். அவருக்குப் பதில் தெரிந்த, இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய, நமக்கு உண்மையாகவே தேவைப்படுகிற ஒரே ஒரு கேள்வி. நான் சொல்வது விளங்க ஒரு மாதிரி தருகிறேன்:

"வணக்கம் சார். நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் டிப்ளமோ மாணவன். நீங்களும் எங்கள் கல்லூரியில் படித்தவர், இப்போது டூல் ரூமில் இருக்கிறீர்கள் என்று பார்த்தேன். புராஜெக்டுக்காக ஒரு டிரில் ஜிக் செய்கிறோம். ஹார்டன் செய்த புஷ் போட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நாங்கள் துளை போடப்போவது 50 பீஸ்தான். அதற்கு மைல்டு ஸ்டீல் புஷ் தாங்குமா, இல்லை கடையில் ரெடிமேடாக வாங்குவது நல்லதா? ஒரு வரி சொன்னால் போதும் சார். நன்றி."

இதில் 'உதவுங்கள்' இல்லை, 'கஷ்டம்' இல்லை. நான் யார், ஏன் உங்களைத் தேடி வந்தேன், என்ன செய்து கொண்டிருக்கிறேன், எங்கே நிற்கிறேன் என்ற நாலும் இருக்கின்றன. படிக்கிறவருக்கு இந்தப் பையன் ஒர்க்ஷாப்பில் கை வைக்கிறவன் என்பது தானாகவே தெரிந்துவிடும். பத்து வரி புகழுரையைவிட அந்தப் '50 பீஸ்' பேசும். ஒன்று மட்டும் முக்கியம்: புராஜெக்ட் உண்மையாக இருக்க வேண்டும். செய்யாத ஜிக்கைச் செய்வதாக எழுதினால், அவர் கேட்கிற அடுத்த கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

இணைப்புக் கேட்கும்போது அனுப்பும் குறிப்புக்குச் சில நூறு எழுத்துகள்தான் இடம். காசு கட்டாத கணக்குக்கு, மாதத்துக்கு இத்தனை குறிப்புதான் என்ற கட்டுப்பாடும் உண்டு. அது நல்லதற்குத்தான் என்பேன். முதல் குறிப்பில் யார், ஏன் என்ற இரண்டை மட்டும் சொல்லுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு கேள்வியை அனுப்புங்கள். குறிப்பு குறைவாகத்தான் கிடைக்கிறது என்றால் யாருக்கு அனுப்புவது என்று யோசிப்போம் அல்லவா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்!

யாருக்கு அனுப்புவது? பெரிய கம்பெனியின் மேனேஜிங் டைரக்டருக்கு அனுப்புகிற நண்பர்கள் உண்டு. தப்பில்லை, ஆனால் வீண். எச்.ஆர். அதிகாரிக்கு ஏற்கெனவே ஊரெல்லாம் எழுதுகிறது. நம்மைவிட இரண்டு மூன்று வருடம் முன்னால் படித்துப் போன அண்ணன், அக்காவைத் தேடுங்கள் என்பேன். நாம் இன்று நிற்கிற இடத்தில் அவர்கள் நேற்று நின்றார்கள். இன்ஸ்பெக்ஷனில், மெயின்டனன்ஸில், பிளானிங்கில் இருக்கிற டிப்ளமோக்காரருக்கு எந்த மாதம் ஆள் எடுப்பார்கள், டெஸ்டில் என்ன கேட்பார்கள் என்பது தெரியும். "உங்கள் ஆலையில் டிப்ளமோ அப்ரண்டிஸ் எடுக்கிறார்களா அண்ணா, எந்த மாதத்தில்?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தில் 1973-ல் செய்த திருத்தத்தால் டிப்ளமோ படித்தவர்களுக்கும் அப்ரண்டிஸ் இடம் உண்டு. இங்கே நம் தென்மண்டலத்துக்கு அதைக் கவனிக்கிற வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. இது தெரிந்து கேட்பவனுக்கும், 'ஏதாவது வேலை' என்று கேட்பவனுக்கும் வித்தியாசம் உண்டு.

"முன்பின் தெரியாதவன் எதற்குடா நமக்கு உதவப் போகிறான்?" என்று கேட்கலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் அருகே, தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், "தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். மற்றவர்கள் எல்லாம் எப்போதாவதோ, அபூர்வமாகவோ பார்க்கிறவர் மூலம் வேலை பெற்றவர்கள். 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, சுமார் 2 கோடி லிங்க்ட்இன் பயனாளர்களை ஐந்தாண்டு காலம் வைத்துப் பார்த்து, ஓரளவு தூரத்துப் பழக்கமே வேலை மாற அதிகம் கைகொடுக்கிறது என்று கண்டது. காரணம் எளிது. என் அறைத் தோழனுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது அவனுக்கும் தெரியாது. புதுச் செய்தி எப்போதும் தெரு தாண்டித்தான் வருகிறது.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக இருந்தார் ஒருவர். கல்லூரித் தேர்வில் தேறாதவர். 1913 ஜனவரி 16 தேதியிட்டு, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணித மேதைக்குக் கடிதம் எழுதினார். நம் சீனிவாச ராமானுஜன்தான்! தான் குமாஸ்தா, ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று மறைக்காமல் சொன்னார். வேலை கேட்கவில்லை. பக்கம் பக்கமாகத் தன் தேற்றங்களை இணைத்து, இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்ற இரு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கு எழுதிப் பயன் இல்லாமல் போயிருந்தது. ஹார்டி அடுத்த மாதமே பதில் போட்டார். 1914-ல் ராமானுஜன் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

நாம் ராமானுஜன் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடிதத்தின் முறை மேதைகளுக்கு மட்டும் சொந்தமா? உள்ளதைச் சொன்னார், செய்ததைக் காட்டினார், கருத்துக் கேட்டார், இருவர் கைவிட்ட பிறகும் மூன்றாமவருக்கு எழுதினார். நம்மிடம் தேற்றம் இல்லாவிட்டால் என்ன? வரைந்த டிராயிங் இருக்கிறது, கட்டிய சர்க்யூட் இருக்கிறது, சர்வே எடுத்த கன்மாய் இருக்கிறது. அதன் ஒரு படத்தை இணைத்தால் போதாதா?

சுயமரியாதை உள்ள சில நண்பர்கள், "தெரியாத ஆளிடம் போய்க் கேட்பது பிச்சை மாதிரி இருக்கு" என்கிறார்கள். அவர்கள் கோபத்தை மதிக்கிறேன். மனு எழுதினால் அது அப்படித்தான் இருக்கும். ஆனால் தொழிலைப் பற்றி ஒரு தொழில்காரரைக் கேட்பது எப்படிப் பிச்சையாகும்? லேத்தில் நிற்கிற அண்ணனிடம் "இந்த டூலை எப்படிண்ணே தீட்டுறது?" என்று கேட்கக் கூச்சப்படுகிறோமா? இதுவும் அதுதான். கூசிப் பேசாமல் இருந்தால், சித்தப்பா உள்ளவன் மட்டும் உள்ளே போவான். கேட்காமல் இருப்பது கௌரவம் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கேட்கத் தேவையில்லாதவர்கள்தானே!

ஆங்கிலம் வரவில்லை என்பது அடுத்த கவலை. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் வழுவழுப்பான ஆங்கிலத்தில் எழுதித் தந்துவிடுகிறது. எல்லோருக்கும் ஏறக்குறைய அதே வழுவழுப்பைத் தருகிறது என்பதுதான் சங்கடம். எழுத்துப் பிழை திருத்த வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும். எதிரே இருப்பவர் தமிழர் என்றால் தமிழிலேயே எழுதினால் என்ன குறைந்துவிடும்? வேறு மாநிலத்தவர் என்றால், சின்னச் சின்ன வாக்கியமாக ஆறு வரி ஆங்கிலம் நம் எல்லோராலும் முடியும்.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் மௌனம் என்றால் விட்டுவிடுங்கள். அவருக்கு மெஷின் பிரேக்டவுனாக இருக்கலாம், வீட்டில் காய்ச்சலாக இருக்கலாம். பதில் வந்துவிட்டால் நன்றி சொல்வதோடு நிறுத்தாதீர்கள். "நீங்கள் சொன்னபடி செய்தோம் சார், 50 பீஸும் முடிந்தது, புஷ் தாங்கியது" என்று முடிவையும் எழுதுங்கள். நம்மில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. தன் சொல் எங்கோ ஒரு ஒர்க்ஷாப்பில் பயன்பட்டது என்று கேட்கும்போது வருகிற சந்தோஷத்தை எந்த மனுஷனும் மறக்க மாட்டான். நாளைக்கு ஆள் எடுக்கும்போது அந்தப் பெயர் அவர் நினைவில் நிற்கும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். வேலைக்கு டெபாசிட், டிரெயினிங் பீஸ், யூனிபார்ம் பணம் என்று யாராவது கேட்டால், கம்பெனி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். ஆசிரியரிடமோ சங்கத்திலோ காட்டுங்கள். நம் தோழியருக்கு ஒரு வார்த்தை: தொழில் பேச்சு அந்தத் தளத்திலேயே நடக்கட்டும். "நம்பர் குடு, ராத்திரி பேசலாம்" என்கிறவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அப்படிக் கேட்டதை மறைக்க வேண்டியதும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர் கேட்டவர்தான்.

கடைசியாக, நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வோர் ஆண்டும் படித்து முடித்துப் போகிறவர்களின் பெயர், பிரிவு, வேலைக்குச் சேர்ந்த இடம் ஆகியவற்றை, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆண்டு விழா மேடைக்கும் சீரியல் பல்புக்கும் செலவாகிற பணத்தில் ஒரு துளி போதும். அந்த நோட்டு இருந்தால், இந்தக் கல்லூரிக்குள் நுழைகிற எந்தப் பிள்ளைக்கும் 'தெரிந்தவர்' இல்லை என்ற நிலை வராது.

மூன்றாம் ஆண்டுத் தோழர்களே, நாளை நீங்களும் ஏதோ ஓர் ஆலையில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நிற்பீர்கள். அப்போது இந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லி முன்பின் தெரியாத ஒரு தம்பியோ தங்கையோ நாலு வரி எழுதினால், ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போதாவது ஒரு வரி பதில் போடுங்கள். அந்தப் பிள்ளை மனுவாகவே எழுதியிருந்தாலும் கோபிக்காதீர்கள். "தம்பி, என்ன தெரிஞ்சுக்கணும்? ஒரு கேள்வியா கேளு" என்று சொல்லிக் கொடுங்கள்.