அடைக்கலக் குழந்தையும் அயன்மொழிப் பயிற்சியும்

காஞ்சியை அடுத்து, வேகவதியாற்றின் கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றம், சமணக் காஞ்சி எனப் பெயர்பெற்ற பழம்பதி. அங்குள்ள வர்த்தமானர் கோயிலில், 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விசயநகர அமைச்சர் இருகப்பர் எடுப்பித்த இசை மண்டபமும் அதன் கூரை ஓவியங்களும் இன்றும் காண்பார் கண்ணைக் கவர்கின்றன. ஆயினும் சமணம் தமிழுக்கு ஈந்த ஓவியங்களுள் தலையாயது கூரையில் தீட்டியதன்று, சொல்லில் தீட்டியது. சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளே அவ்வோவியம்.

மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குல முதியவளிடம் கவுந்தியடிகள் ஒப்படைத்ததை அடைக்கலக் காதை விரித்துரைக்கின்றது. வெறுமனே கைப்பிடித்துக் கொடுத்துவிட்டு அடிகள் அகன்றாரல்லர். இவள் யார், எவ்வகை வாழ்விலிருந்து வந்தவள், கொடுவெயிலில் நடந்து எவ்வாறு நொந்தவள் என்பதை முதலில் உரைத்தார். பின்னர், நீராட்டுக, உடுத்துக, பூச்சூட்டுக, தோழியாகவும் காவலாகவும் தாயாகவும் நின்று பேணுக என்று ஒவ்வொன்றாக எடுத்தோதினார். இற்றை நாளில் குமுகப் பணியாளர் பயிற்சி என்று பெரிதாகப் பேசப்படுவதன் இலக்கணம் முழுவதும் இதனுள் அடங்கியிருக்கின்றது. கற்பித்தவர் தமிழில் கற்பித்தார். கற்றவள் தமிழில் கற்றாள். காக்கப்பட்டவளும் தமிழிலேயே தன் துயர் உரைத்தாள். கோவலன் கொலையுண்டபின், அடைக்கலம் இழந்தேன் என்று மாதரி தீப்புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாது உயிர்நீத்தார். அடைக்கலத்தை உயிரினும் பெரிதாகப் போற்றிய இனம் இது!

அந்த இனத்தின் மண்ணுக்கே 1983 சூலைப் படுகொலைக்குப் பின் ஈழத்துத் தமிழர் அடைக்கலம் நாடி வரலாயினர். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் அலையலையாக வந்தவர் தொகை மூன்று இலக்கத்தைக் கடந்தது. பலர் திரும்பினர், சிலர் கடல் கடந்தனர். 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி 108 முகாம்களில் 58,000 பேருக்கு மேல் எஞ்சியிருந்தனர். அவ்வாண்டில் தமிழ்நாட்டரசு 317 கோடி உரூபாய் அளவில் வீடு, கல்வி, உதவித்தொகைத் திட்டங்களை அறிவித்தது. முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. 12 அகவைக்கு உட்பட்ட குழந்தைக்குத் திங்கள்தோறும் வழங்கிய 400 உரூபாய் 500 ஆயிற்று. இவை நன்றே, குறை சொல்லற்குரியன அல்ல.

ஆனால் 500 உரூபாய் குழந்தையின் வயிற்றைக் காக்கும். அதன் நெஞ்சைக் காப்பவர் யார்? முகாமில் தலையெண்ண வருவாய்த்துறை அலுவலர் உளர். உசாவக் காவல்துறையின் 'கியூ' பிரிவினர் உளர். இரவில் அலறி எழும் சிறுவனிடம், பள்ளியை விட்டு நின்ற சிறுமியிடம், குடிகாரத் தந்தையின் அடிக்கு ஒளிந்த பிள்ளையிடம் அமர்ந்து பேசப் பயின்றவர் எத்தனை பேர்? 2022 மார்ச்சுத் திங்களில், இலங்கையின் பொருள் நெருக்கடிக்குத் தப்பி வந்த குடும்பம் ஒன்று கைக்குழந்தை உள்ளிட்ட சிறாரோடு அரிச்சல்முனை அருகே மணல்திட்டில் இறக்கி விடப்பட்டது. கடலோரக் காவற்படை அவர்களை மீட்டது; கரையில் காவல்துறையின் உசாவல் எதிர்கொண்டது. கடலில் நனைந்து நடுங்கி வந்த குழந்தையை முதலில் எதிர்கொள்ள வேண்டியவர் காவலரா, கவுந்தியிடம் பயின்ற மாதரியா?

சட்டத்தில் இடமில்லை என்பார் சட்டத்தைப் படியாதார். அடைக்கலம் புகுந்தோர் பற்றிய 1951ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை என்பது உண்மை. ஆனால் 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 22ஆம் கூறு அடைக்கலக் குழந்தையின் பாதுகாப்பையே பேசுகின்றது. 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டமோ, 18 அகவை நிரம்பாத எவரையும் குழந்தை என்கின்றது; எந்நாட்டுக் குழந்தை என்று வினவவில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தை சொல்வதை அதற்கு விளங்கும் எளிய மொழியில் பதிய வேண்டும் என்று விதிக்கின்றது. தேவையாயின் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளவும் இடந்தருகின்றது. குழந்தையின் மொழியே அதன் காவல் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட பின்னும், தமிழ்நாட்டுக் கல்லூரிகள் மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கின்றன!

குமுகப் பணிக் கல்வி இந்நாட்டில் 1936இல் மும்பையில் தொடங்கிற்று. 1952இல் சென்னையிலும் அதற்கொரு பள்ளி தோன்றிற்று. முக்கால் நூற்றாண்டு கடந்தும், அத்துறையின் பட்டமேற்படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றது. தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த மாணவி, தமிழ்நாட்டுக் கல்லூரியில், தமிழ்க் குழந்தையைத் தேற்றும் கலையை ஆங்கிலத்தில் உருப்போடுகின்றாள், ஆங்கிலத்தில் தேர்வெழுதுகின்றாள், முகாமில் தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகின்றாள். அந்த அறிக்கையில் குழந்தையின் நோய்க்குப் பெயர் இருக்கும். குழந்தையின் சொல் இராது.

இது வெறும் மொழிப்பற்றால் எழுந்த குற்றச்சாட்டன்று. ஒரு சான்று போதும். யாழ்ப்பாணத் தமிழில் உரையாடுவது 'கதைத்தல்'. 'பேசுதல்' என்பது பெரும்பாலும் ஏசுதலைக் குறிக்கும். "வாத்தியார் எனக்குப் பேசினவர்" என்று ஒரு சிறுவன் கண்கலங்கிச் சொன்னால், ஆசிரியர் கடிந்து ஏசினார் என்பது பொருள். இதை அறியாத பணியாளர், ஆசிரியர் பிள்ளையோடு அன்பாக உரையாடினார் என்றெழுதி ஏட்டை மூடிவிடுவார். 'வெருட்டினவர்' என்றால் அச்சுறுத்தினார் என்பது விளங்காவிடில், குற்றமே மறைந்துபோகும். முகாமிலேயே பிறந்த மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் பள்ளியில் தமிழ்நாட்டு வழக்கைப் பேசப் பழகிவிட்டனர் என்பது மெய்யே. ஆயினும் துயர் வந்துற்றபோது பிள்ளையின் வாயில் வருவது பாட்டியின் மொழியேயன்றிப் பள்ளியின் மொழியன்று.

தமிழில் கலைச்சொல் இல்லை என்று கைவிரிப்போர், ஈழத்தை நோக்கித் தலைகுனிய வேண்டும். இங்கே 'கவுன்சிலிங்' என்று வாய்கூசாமல் சொல்லப்படுவதை அங்கே 'உளவளத்துணை' என்கின்றனர். கொடுநிகழ்ச்சியால் உள்ளத்தில் விழும் புண்ணுக்கு, யாழ்ப்பாணத்து உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்று பெயரிட்டுத் தமிழில் நூலே எழுதினார். ஊர்ப்புறத் தொண்டர்களுக்கு உளநலப் பயிற்சியும் அங்கே தமிழில் தரப்பட்டது. குண்டு விழும் மண்ணில் பதுங்குகுழிக்கும் மருத்துவமனைக்கும் இடையே ஓடியவர்களுக்குத் தமிழில் சொல் ஆக்க நேரம் இருந்தது. குளிரறையில் அமர்ந்து பாடத்திட்டம் வகுப்போர்க்கு நேரமில்லையாம்! சொற்பஞ்சம் தமிழுக்கில்லை, பஞ்சம் இவர்தம் நெஞ்சத்துக்கே.

உலக அறிவை ஒதுக்க வேண்டுமென்பதன்று வழக்கு. உலக நலவாழ்வு நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, களப்பணியாளர்க்கு மூன்று கடமைகளை வகுக்கின்றது: பார், கேள், இணை. சூழலைப் பார், துயருற்றார் சொல்வதைக் கேள், உதவியோடும் உற்றாரோடும் இணை. மிக நல்ல நெறி. ஆனால் நடுவில் நிற்கும் 'கேள்' என்பதைத் தமிழ்க் குழந்தையிடத்தில் ஆங்கிலம் கொண்டு எங்ஙனம் ஆற்றுவது? அறிவு எங்கிருந்தும் வரட்டும். அது குழந்தையின் செவிக்குச் செல்லும் வாய்க்கால் தமிழாகவே இருத்தல் வேண்டும்.

இதனைக் காஞ்சி நன்கறியும். பட்டுத்தறிகளில் முன்பணக் கடனுக்கு ஈடாகக் குழந்தைகள் உழைத்த கொடுமையை 2003இல் மாந்த உரிமைக் கண்காணிப்பகம் உலகறிய எழுதிற்று. தறிக்குழியில் இருந்த குழந்தையைத் தலையெண்ணிக் கணக்கெழுதியதால் மட்டும் அது மீளவில்லை. கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கியது, திரும்பக் கொடுக்க இயலாவிடில் என்ன நேரும் என்பவற்றைத் தாய் அஞ்சாமல் வாய்திறந்து சொல்லும்படி அருகமர்ந்து கேட்டவரே அக்கட்டை அவிழ்க்க வல்லவர். தறிக்குழியில் உண்மையாவது முகாமின் குடிசையிலும் உண்மையே.

வேற்றினத்தார் வரலாறும் இதையே கூறும். இரண்டாம் உலகப் போரின்போது, உருசியாவில் நாடுகடத்தப்பட்டுத் துயருற்ற போலந்துக் குழந்தைகள் நூற்றுக்கணக்கானோர்க்கு 1942இல் நவாநகர் மன்னர் திக்விசயசிங்கு பாலாச்சடியில் அடைக்கலம் தந்தார். அங்கே அவர்களுக்குக் குசராத்தியோ ஆங்கிலமோ திணிக்கப்படவில்லை. போலந்து ஆசிரியரே போலந்து மொழியில் கற்பித்தனர். எங்கிருந்தோ வந்த குழந்தைக்கு அதன் தாய்மொழியைக் காத்துத் தந்தது குசராத்து மண். தன் மொழியையே பேசிவரும் குழந்தைக்குத் தன் மொழியில் துணை தர இயலாது விழிக்கின்றது தமிழ் மண்!

தில்லியின் பிழையையும் மறைத்தலாகாது. 1987 சூலை முதல் நாளுக்குமுன் இம்மண்ணில் பிறந்தோர்க்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதன்பின் வந்த திருத்தங்களால், தாய் தந்தை இருவரும் ஈழத்தவராயின் இங்குப் பிறந்த பிள்ளைக்கு அவ்வுரிமை இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ பாக்கித்தான், வங்கதேயம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோர்க்கு மட்டும் கதவைத் திறந்து, ஈழத்தமிழரை வெளியே நிறுத்திற்று. மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் பிறந்து வளர்ந்த பிள்ளை எந்நாட்டுக் குடி? இவ்வினாவோடு வளரும் பிள்ளையின் உள்ளத்தை அறியாதவர், எத்துணைப் பட்டம் பெற்றாலும் அதற்குக் காவலராதல் அரிது.

இனி, தனித்தமிழன்பர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. 'அகதி' வடசொல் என்று விலக்கி 'ஏதிலி' என்னும் சொல்லைப் பரப்பினர், நன்று. ஆனால் திருக்குறளில் ஏதிலார் என்பார் அயலார்; தொடர்பற்றார். ஈழத்துக் குழந்தை தமிழனுக்கு ஏதிலியா? சொல்லை மாற்றியவர் உறவை மாற்றினரா? மேடையில் ஈழம் ஈழம் என்று முழங்கியோருள், முகாமின் வாயிலை மிதித்து ஒரு பிள்ளைக்கு ஒருமாலைப் பொழுது பாடம் சொன்னவர் எத்தனை பேர்? 1984இல் சந்திரகாசன் முதலியோர் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமில் வாழ்வோரையே ஆசிரியராகவும் நலவாழ்வுத் தொண்டராகவும் பயிற்றிற்று. அடைக்கலம் வந்தவரே ஆற்றிய அப்பணியில், அடைக்கலம் தந்தவர் பங்கு எவ்வளவு?

செய்யத்தக்கன தெளிவானவை. குமுகப் பணிக் கல்வி முழுவதும் தமிழில் நடைபெறல் வேண்டும். ஈழ வழக்கும் உளவளத்துணைச் சொற்களும் அடங்கிய பாடநூல் ஈழத்து அறிஞர் துணையோடு ஆக்கப்படல் வேண்டும். முகாமில் பிறந்து பட்டம் பெற்ற இளைஞரும் இளம்பெண்டிருமே முதற்கண் பணியமர்த்தப்படல் வேண்டும். ஒவ்வொரு முகாமிலும் குழந்தைகட்கென்றே ஒரு பணியாளர், காவல்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் கட்டுப்படாதவராய் இருத்தல் வேண்டும்; குழந்தை நம்பிச் சொன்னது அதன் உயிர்க்கும் உடற்கும் காப்பாகவன்றி வேறெந்த ஏட்டிலும் ஏறலாகாது. ஊர்தோறும் உள்ள தமிழாசிரியரும் அன்பரும் கிழமைக்கு ஒருநாளேனும் அருகிலுள்ள முகாமுக்குச் செல்லல் வேண்டும்.

'கேள்' என்னும் தமிழ்ச்சொல்லுக்குச் செவிகொடு என்பதும் பொருள்; உறவு என்பதும் பொருள். செவிகொடுத்தவனே உறவினன். ஈழத்துக் குழந்தை தமிழில் அழுகின்றது. தமிழன் கேட்கட்டும், கேளாய் நிற்கட்டும்!