கண்டக்டரின் ஆங்கிலமும் நம்ம பட்டியலும்



ஆங்கில வகுப்பில் தினமும் 10 'ஃப்ரேசல் வெர்ப்' போர்டில் எழுதிப் போடுகிறார்கள். வினைச்சொல்லோடு 'அப்', 'ஆஃப்', 'அவுட்' மாதிரி ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு வேறு அர்த்தம் தருமே, அதுதான். எழுதிக்கொள்கிறோம், உருப்போடுகிறோம், மறுநாள் 10-க்கு 10 வாங்குகிறோம். வகுப்பை விட்டு வெளியே வந்த பிறகு அதில் ஒன்றையாவது யாராவது வாய்விட்டுச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. அதனால் இந்தப் பட்டியலை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஃப்ரேசல் வெர்ப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரொம்ப ரொம்ப வேணும்!

பாடப்புத்தகத்தில் 'போஸ்ட்போன்', 'எக்ஸ்டிங்விஷ்', 'டாலரேட்' என்று பெரிய பெரிய சொல்லாகப் படிக்கிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் வீட்டுப் பேச்சில் பெரும்பாலும் 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் அப் வித்' என்றுதான் சொல்கிறார்கள். 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவைக்கும் சட்டத்துக்கும் பிரெஞ்சு வந்தது. லத்தீன் சொற்களும் ஏராளமாகப் புகுந்தன. ஆனால் கம், கோ, கிவ் மாதிரி பழைய சின்னச் சொற்கள் சாதாரண ஜனங்களின் வாயை விட்டுப் போகவே இல்லை. 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே அதன் முன்னுரையில், வெளிநாட்டாருக்கு மிகவும் கஷ்டம் கொடுப்பது இந்த மாதிரி சேர்க்கைதான் என்று எழுதியிருக்கிறார். ஆகவே நமக்குக் கஷ்டமாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு விஷயம் பாருங்க. தமிழ் இலக்கணத்தில் கூட்டுவினை என்று படிக்கிறோமே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. 'தேர்வைத் தள்ளிப்போட்டார்கள்' என்கிறோம். யார் எதைத் தள்ளினார்கள், எங்கே போட்டார்கள்? 'புட் ஆஃப்' என்பதும் அதே அர்த்தம்தான், அதிலும் ஒரு 'போடு' இருக்கிறது! 'காட்டிக்கொடு' என்பது 'கிவ் அவே'. 'விட்டுக்கொடு' என்பது 'கிவ் இன்'. நாலிலும் 'கொடு'. 'கண்டுபிடி' என்பது 'ஃபைண்ட் அவுட்'. 'பார்த்துக்கொள்' என்பது 'லுக் ஆஃப்டர்', இரண்டிலும் 'பார்'. எல்லாம் இப்படிப் பொருந்தாது, 'புட் அப் வித்'துக்கு என்ன செய்தாலும் பொருந்தவில்லை! இருந்தாலும், 'தம்பியைப் பார்த்துக்கோடா' என்பதைப் பட்டியல் போட்டு யாராவது நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களா? அம்மா கடைக்குப் போகும்போது சொன்னார், நாம் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

நம்ம ஊர் பஸ்ஸில் கண்டக்டர் 'ஹோல்டான்' என்று கத்துவாரே, அது என்ன? 'ஹோல்ட் ஆன்', கொஞ்சம் பொறு என்று அர்த்தம். டிரைவர் எந்த நோட்டையும் புரட்டவில்லை, பிரேக்கைத்தான் மிதிக்கிறார். சொல்லும் வேலையும் சேர்ந்தே வருகிறது. ('லைட்டை ஆஃப் பண்ணு' என்பதில் வினையை விட்டுவிட்டு வாலை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதுவும் ஒரு கெட்டிக்காரத்தனம்தான்!)

பட்டியலில் இன்னொரு குறை. 'சுவிட்ச் ஆஃப்' என்றால் 'அணை' என்று அது சொல்லும். 'லைட்' என்ற சொல்லை நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். ஆனால் 'இட்' என்று வந்தால் நடுவில்தான் வரணும்: 'சுவிட்ச் இட் ஆஃப்'. 'லுக் ஆஃப்டர்' அதற்கு நேர்மாறு, அதைப் பிரிக்கவே கூடாது. இது பத்துத் தடவை வாயால் சொன்னால் தானாகப் படியும். எழுதி எழுதிப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரி, ஏன் யாரும் வாயைத் திறப்பதில்லை? வராண்டாவில் ஒருத்தன் 'ஹரி அப்' என்று சொன்னால் போதும், 'டேய், பீட்டர் விடுறான்டா' என்று நாலு பேர் சிரிக்கிறோம். அடுத்த நாள் அவன் வாயே திறப்பதில்லை. சிரித்த நாலு பேரும் நாளைக்கு ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போவார்கள். அங்கே ஒருவர் 'ஃபில் இன் திஸ் ஃபார்ம் அண்ட் ஹேண்ட் இட் இன்' என்பார். ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான். என்ன செய்யச் சொல்கிறார் என்பதுதான் புரியாது. தமிழ் வழியில் படிக்கிற நமக்கு இதைக் கேட்டுப் பழக வீட்டில் வாய்ப்பில்லை, டியூஷனுக்கும் எல்லோராலும் பணம் கட்ட முடியாது. பள்ளிக்கூடம்தான் ஒரே இடம்.

எனவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தினம் 10 வேண்டாம், வாரத்துக்கு 2 போதும். ஆனால் அந்த இரண்டையும் நீங்களும் வகுப்பில் நிஜமாகவே சொல்லுங்கள், கணக்கு சாரும் சொல்லட்டும், பி.டி. சாரும் சொல்லட்டும். அதற்குத் தேர்வு வைக்க வேண்டாம். இந்த வாரத்துக்கு இரண்டை நானே சொல்கிறேன்: லீடர் நோட்டுகளை எல்லோருக்கும் கொடுப்பது 'ஹேண்ட் அவுட்', நாம் எழுதி முடித்து ஒப்படைப்பது 'ஹேண்ட் இன்'. திங்கட்கிழமை முதல் பீரியடில் எப்படியும் நோட்டு கொடுப்பார்கள். சிரிக்கிறவர்கள் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் சிரிப்பை 'புட் ஆஃப்' பண்ணிவையுங்க!

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு