இல்லத்து முற்றம்: அரைப் புள்ளியும் ஒரு மணி நேரமும்



கடற்கரைப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய மடல் சென்ற மாதம் கிடைத்தது. அவருடைய மூத்த மகள் செவிலியர். தனியார் மருத்துவமனை ஒன்றில் ஐந்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். இங்கிலாந்து சென்று பணியாற்ற விரும்பி, ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வை இருமுறை எழுதியிருக்கிறார். இரண்டாம் முறை கேட்டலில் 7.5, வாசித்தலில் 7, பேசுதலில் 7 புள்ளிகள். எழுதுதலில் மட்டும் 6. வேண்டியதோ 6.5. ஒருமுறை தேர்வு எழுதவே மகளின் ஒரு மாத ஊதியம் போய்விடுகிறதாம். "என்னிடம் இருப்பது ஒரே ஒரு சங்கிலி. அதை அடகு வைத்து நகரத்துப் பயிற்சி மையத்தில் சேர்த்துவிடட்டுமா? வீட்டிலேயே படித்தால் ஆகாதா?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும், அம்மா. முதலில் ஓர் ஆறுதலான செய்தி. அந்நாட்டுச் செவிலியர் மன்றம் ஈராண்டுத் தேர்வுகளை அல்ல, பன்னிரண்டு மாதங்களுக்குள் எழுதிய இரு தேர்வுகளைச் சேர்த்துப் பார்க்க 2023 முதல் இசைகிறது. ஒரு தேர்வில் குறைந்ததை மற்றொன்றில் ஈடுசெய்யலாம். ஆனால் எந்தப் பகுதியும் வேண்டிய அளவுக்கு அரைப் புள்ளிக்கு மேல் தாழ்ந்திருத்தல் கூடாது. உங்கள் மகள் எழுதுதலில் பெற்ற 6 அந்த எல்லைக்குள் நிற்கிறது. ஆகவே, அடுத்த முறை எழுதுதலில் 6.5 பெற்று, மற்ற மூன்றிலும் 6.5-க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். விதிகள் மாறக்கூடியவை. பணம் கட்டுமுன் மன்றத்தின் இணையதளத்தில் மகளே ஒருமுறை படித்து உறுதி செய்துகொள்ளட்டும். முகவர் சொல்வதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

இனி, வீட்டில் படிப்பது பற்றி. இத்தேர்வு பாடநூலை மனப்பாடம் செய்து எழுதும் தேர்வு அன்று. எழுதுதலுக்கு ஒரு மணி நேரம். முதற் கேள்வி ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ விளக்கி 150 சொற்களேனும் எழுதுவது. இரண்டாவது, ஒரு பொருள் பற்றி 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரை. இரண்டாவதற்கு முதலாவதைப் போல் இரு மடங்கு மதிப்பு உண்டு. திருத்துவோர் நான்கு கூறுகளைச் சமமாகப் பார்க்கின்றனர்: கேட்டதற்கு விடை வந்ததா, கருத்து ஒன்றிலிருந்து ஒன்று தொடர்ந்து செல்கிறதா, சொல்வளம் எத்தகையது, இலக்கணம் எவ்வளவு பிழையற்றது. இந்த அளவுகோல் மறைபொருள் அன்று. தேர்வை நடத்துவோரே வெளியிட்டிருக்கின்றனர். அதைப் பார்க்காமல் தேர்வு எழுதியோர் பலர். உங்கள் மகள் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

பயிற்சி மையங்கள் சிலவற்றில், எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முன்னுரையும் முடிவுரையும் எழுதிக் கொடுத்து உருப்போடச் சொல்கின்றனர். பெட்டிக்கடையில் வாங்கிய வாழ்த்து அட்டை போன்றவை அவை. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். திருத்துவோருக்கு அத்தகைய வரிகள் உடனே புலப்பட்டுவிடும். நல்ல ஆசிரியர் உள்ள மையங்களும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 6 புள்ளி பெற்றவருக்கு வேண்டியது புதுப் பாடம் அன்று. தாம் மீண்டும் மீண்டும் செய்யும் பிழை எது என்று அறிவதே அவருக்கு வேண்டியது.

நம்மவர் பிழைகள் பெரும்பாலும் நம் தாய்மொழியின் வழியே வருபவை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ', 'தி' என்னும் சிறு சொற்களுக்கு இணையானவை தமிழில் இல்லை. எனவே அவற்றை விட்டுவிடுகிறோம், அல்லது வேண்டாத இடத்தில் போடுகிறோம். பன்மையைக் குறிக்கும் 'எஸ்' எழுத்து கைதவறிப் போகிறது. தமிழில் வினை இறுதியில் வருவதால், காரணங்களையெல்லாம் அடுக்கிவிட்டுக் கடைசியில் கருத்துக்கு வருகிறோம். ஆங்கிலக் கட்டுரையோ பத்தியின் தொடக்கத்திலேயே கருத்தை எதிர்பார்க்கிறது. ஒரு தனி ஏட்டில் பிழைகளை எழுதி வரச் சொல்லுங்கள். இருபது கட்டுரைக்குப் பின் பார்த்தால் ஐந்தாறு பிழைகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

ஆசிரியர் இல்லாமல் பிழையைக் காண்பது எப்படி? அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒரு வழியைச் சொல்லியிருக்கிறார். பாஸ்டன் நகரில் தமையனின் அச்சகத்தில் வேலை செய்த சிறுவன் அவர். நல்ல கட்டுரை ஒன்றைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் ஓரிரு சொற்களில் குறித்துக்கொள்வார். சில நாள் சென்றபின், மூலத்தைப் பாராமல் அக்குறிப்பிலிருந்து முழுக் கட்டுரையையும் தம் சொற்களில் எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். காலையில் வேலை தொடங்குமுன்னும் இரவில் வேலை முடிந்தபின்னும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிடைத்த நேரம்தான் அவருக்கு. கேம்பிரிட்ஜ் வெளியிடும் மாதிரித் தேர்வு நூல்களின் பின்பகுதியில் விடைக் கட்டுரைகள் இருக்கின்றன. தேர்வர் எழுதிய சிலவற்றுக்குத் தரமும் அதற்கான காரணமும் தரப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு இதே முறையில் பயிலலாம். வாரத்துக்கு மூன்று கட்டுரை, கடிகாரத்தை எதிரே வைத்து, 40 நிமிடத்தில். அவற்றுள் ஒன்றையேனும் உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் எவரிடமேனும் காட்டித் திருத்தி வாங்குங்கள். அத்தகையோர் பலர் கேட்பாரற்று வீட்டில் இருக்கின்றனர், கேட்டால் மகிழ்வார்கள்.

மற்ற பகுதிகளை அவர் மறந்துவிடக் கூடாது. கேட்டலில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும். எழுத்துப் பிழை இருந்தாலும் மதிப்பெண் போகும். வாசித்தலில், ஒரு கூற்று சரியா, தவறா, அல்லது பத்தியில் சொல்லப்படவில்லையா என்று கேட்பார்கள். இதில் இடறுவோர் பெரும்பாலும் விவரம் தெரிந்தவர்களே! மருத்துவம் பற்றிய பத்தி வந்தால், செவிலியர் தமக்குத் தெரிந்ததை வைத்து 'சரி' என்று எழுதிவிடுவார். பத்தியில் இருப்பதை மட்டுமே கொள்ள வேண்டும்.

பேசுதலுக்கு நீங்களே உதவலாம், அம்மா. ஆங்கிலம் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். தேர்வில் ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் சிந்திக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். நீங்கள் கடிகாரத்தோடு எதிரே அமருங்கள். மகள் எங்கே தடுமாறி நின்றார், எத்தனை முறை நின்றார் என்பதை எண்ணுவதற்கு மொழியறிவு தேவையில்லை.

கட்டுரைப் பகுதி எவ்வளவு முயன்றும் கைகூடாவிட்டால் ஓ.இ.டி. என்னும் மற்றொரு தேர்வும் உண்டு. மருத்துவத் துறையினருக்கென்றே அமைந்தது அது. செவிலியர் நோயாளியின் குறிப்பைப் படித்து, அவரைப் பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டும். அன்றாடம் செய்யும் வேலைக்கு நெருங்கியதாதலால் சிலருக்கு அது எளிதாக இருக்கும். அதையும் மன்றம் ஏற்கிறது.

இத்தனையும் சொன்னேன்; ஆனால் உங்கள் மடலில் ஒரு வரி என் மனத்தை உறுத்துகிறது. "இரவுப் பணி முடிந்து காலை எட்டரைக்கு வருவாள், சமையலை முடித்து, துணி துவைத்து, தம்பிக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் படுப்பாள். நல்ல பிள்ளை" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல பிள்ளைதான், ஐயமில்லை. ஆனால் தம்பிக்கு வயது இருபத்திரண்டு என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கை கால் திடமான அவர் தம் சோற்றைத் தாமே போட்டுக்கொள்ளலாகாதா? மகளுக்கு இதுவரை கிடைக்காதது பயிற்சி மையம் அன்று. தூங்கி எழுந்தபின் யாரும் அழைக்காத ஒரு மணி நேரம். இருமுறையும் அந்த நேரமின்றியே அவர் 6 வரை வந்திருக்கிறார்.

மாலை நான்கு முதல் ஐந்து வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்நேரத்தில் தொலைக்காட்சி வேண்டாம். உறவினர் வந்தால் நீங்கள் வரவேற்றுப் பேசிக்கொண்டிருங்கள். துணியை மகன் துவைக்கட்டும். மூன்று மாதம் இப்படி நடந்தபின், வீட்டிலேயே கடிகாரம் வைத்து இரண்டு முழுத் தேர்வு எழுதிப் பார்க்கட்டும். கேட்டலிலும் வாசித்தலிலும் 40-க்கு 30 விடை சரியாக வந்தால் ஏறத்தாழ 7 புள்ளி என்று கொள்ளலாம். எழுதியவற்றை அந்த ஆசிரியர் பார்த்து, பழைய பிழைகள் குறைந்துவிட்டன என்று சொன்னபின் பணம் கட்டுங்கள். இரண்டாம் தேர்வின் பன்னிரண்டு மாதம் என்று முடிகிறது என்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கடவுச்சீட்டு காலாவதியாகும் நாளையும் அதனருகே எழுதிவிடுங்கள். தேர்வு மையத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.