ஊருக்கு ஊர் பியர்: கரடியனாற்றில் எழுந்த ஒரு விவாதம்

"அங்க ஊருக்கு ஊர் பியர் காய்ச்சிறாங்க. ஊர் கெட்டா போச்சு? கல்குடாவில ஒண்டு கட்டினா மட்டும் ஏன் குளறுறீங்க?" ஜேர்மனியிலிருந்து கரடியனாற்றுக்கு வந்த மச்சான் கேட்டார். அன்றைக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை.

அவர் சொன்னது பொய்யல்ல. பவேரியாவின் பாம்பேர்க் நகரில் ஷ்லென்கெர்லா என்ற பழைய மதுச்சாலை இருக்கிறது. புகையூட்டிய பார்லியில் காய்ச்சும் பியர்தான் அதன் அடையாளம். ட்ரும் குடும்பத்தார் ஆறு தலைமுறையாக அதை நடத்துகிறார்கள். பவேரியாவில் பார்லி, ஹொப்ஸ் பூ, தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக்கூடாதென்று 1516இலேயே சட்டம் வந்துவிட்டது. இப்படியான குடும்ப மதுச்சாலைகளில் முதலாளியும் அதே ஊர்க்காரர். பியரில் பிழை என்றால் வாசலிலேயே போய்க் கேட்கலாம். (ஜேர்மனியில் குடிநோய் இல்லையென்று யாரும் நினைக்க வேண்டாம், நிறையவே உண்டு.)

கல்குடா கும்புறுமூலையில் எழுந்ததும் ஒரு குடும்பத்தின் தொழில்தான். ஆனால் மெண்டிஸ் நிறுவனத்தின் அலோசியஸ் குடும்பம் கொழும்பில் இருந்தது. கட்டுமானத்துக்கு எதிராக மாவட்டத்தில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. 2017 மார்ச்சில் அங்கு செய்தி சேகரிக்கப் போன ஊடகவியலாளர்கள் துரத்தப்பட்டார்கள். மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தில் அடிபட்ட அர்ஜுன் அலோசியஸ்தான் இந்த நிறுவனத்தின் பணிப்பாளர்களில் ஒருவர். 350 கோடி ரூபாய் வற் வரியைக் கட்டாததற்காக 2024 நவம்பரில் அவருக்கும் வேறு பணிப்பாளர்களுக்கும் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மதுவரி வந்தால் நாட்டுக்கு நல்லது என்று நமக்குப் பாடம் எடுத்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

எங்கள் பக்கத்துக்கு வருவோம். படுவான்கரையில் வேளாண்மை வெட்டின காசு கைக்கு வரும் நாட்களில்தான் குடியும் கூடும். நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்பதும் அந்த நாட்களில்தான். கணவரைப் போரில் இழந்தபின், வளர்ந்த மகனின் உழைப்பை நம்பியிருக்கிற தாய்மார் இங்கே இருக்கிறார்கள். அந்த மகன் பொழுதுபட்டு எந்தப் பக்கமாகத் திரும்புவான் என்பதில்தான் அடுத்த நாள் உலை இருக்கிறது. மதுபானசாலையை மூடினால் கசிப்பு பெருகும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் சாராயத்தின் விலை ஏற ஏற, மதுபானசாலை திறந்திருக்கும் ஊரிலும் கூலிக்காரன் கசிப்புக்குத்தான் போகிறான்.

2024இல் மட்டும் 360க்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டதாக, அந்த ஆண்டு டிசம்பரில் சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க பாராளுமன்றத்தில் பட்டியல் வைத்தார். கிளிநொச்சிக்கு மட்டும் 16. போரில் பெரிதும் அழிந்த மாவட்டங்களில் ஒன்று அது. பட்டியல் வரும்வரை அந்த ஊர்ச் சனங்களுக்கு எத்தனை என்றே தெரியாது. யாருடைய சிபாரிசில் கிடைத்தது என்று தேர்தல் மேடைகளில் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிய நம் அரசியல்வாதிகளில் எவரும், ஊர்க் கூட்டம் வைத்துப் பெண்களிடம் கேட்டோம் என்று சொல்லவில்லை.

மச்சானுக்கு இதையெல்லாம் பிறகு தொலைபேசியில் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப கம்பனி வேணாமெண்டில்ல, ஆரைக் கேட்டுக் கட்டினீங்க எண்டுதானே கேக்கிறாய்?" என்றார். ஓம் என்றேன். கரடியனாற்றில் நாளைக்கு ஒரு அனுமதிப்பத்திரம் வந்தாலும் நான் கேட்கப்போவது அதைத்தான்.