நாலு பேருக்கு ஒரு கடல்!

குடும்பத்தோடு இரண்டு நாள் வெளியூர் போவது என்பது கூட்டணி அரசாங்கம் நடத்துகிற மாதிரி. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிபந்தனை உண்டு.

எங்கள் வீட்டு நிலவரத்தைக் கேளுங்கள். பையனுக்கு நீச்சல் குளம் வேண்டும். அம்மாவுக்குக் கோயில் வேண்டும், ஆனால் மலையேற்றம் கூடாது (முழங்கால்!). பி.காம். படித்த பாவத்துக்கு, எனக்குக் கணக்கு இடிக்கக் கூடாது. சகதர்மிணி மட்டும், "முதல்ல நீங்க முடிவு பண்ணுங்க, நான் அப்புறம் சொல்றேன்" என்றாள். வெளியிலிருந்து ஆதரவு தருகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அரசியலில் பாலபாடம்.

சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் மாமல்லபுரம் இருக்கிறது. கடல், கோயில், சிற்பம் மூன்றும் ஒரே ஊரில். "நூறு தடவை பார்த்த ஊர்தானே?" என்பீர்கள். எப்படிப் பார்த்தீர்கள்? ஸ்கூல் எக்ஸ்கர்ஷனில், உச்சி வெயிலில், கருங்கல் தோசைக்கல்லாகக் காய்கிற நேரத்தில்! அந்தச் சூட்டில் ராஜசிம்ம பல்லவனே வந்து விளக்கினாலும் மண்டையில் ஏறாது.

சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. கடற்கரைக் கோயிலைக் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். ரிஸார்ட்டில் அறைச் சாவி கொடுப்பதோ மத்தியானத்துக்கு மேல். ஆகவே விடியற்காலையில் கிளம்பி, சிற்பங்களை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் சாவி வாங்கினால் இரண்டுமே லாபம். கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட்தான். 15 வயதுக்குக் கீழே இலவசம். (பையனுக்கு இன்னும் ஐந்து வருஷம் பாக்கி இருக்கிறது.)

அடுத்தது அறை. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. அதாவது 7,500 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,875. 7,600 ரூபாய் அறைக்கோ 8,968! நூறு ரூபாய் வித்தியாசம் என்று நினைத்துத் தலையாட்டினால் ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று ரூபாய் பழுத்துவிடும்.

ஒரு ரிஸார்ட்டுக்கு போன் போட்டேன்.

"ரூம்லேர்ந்து கடல் தெரியுமா சார்?"

"பால்கனியில நின்னா தெரியும் சார்."

"உக்காந்தா?"

"சத்தம் கேக்கும் சார்!"

நேர்மையான மனிதர். அங்கேயே புக் பண்ணிவிட்டேன். "எக்ஸ்ட்ரா பெட் போடலாமா?" என்றார். அம்மா பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்: "டேய், அங்க தலசயனப் பெருமாளே பாம்புப் படுக்கையை விட்டுட்டுத் தரையில படுத்திருக்கார். எனக்கெதுக்குடா கட்டில்?" (போட்டாயிற்று. பெருமாளுக்கு முழங்கால் வலி இல்லையே!) இந்தத் தலசயனப் பெருமாள் கோயில் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பூதத்தாழ்வார் அவதரித்த ஊர். கடற்கரைக் கோயிலில் பூஜை கிடையாது என்று முகம் சுருங்கியவள், இதைக் கேட்டதும் மலர்ந்துவிட்டாள்.

அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே பெரிய பாறைச் சிற்பம். தவம் செய்வது அர்ஜுனனா, பகீரதனா என்று பண்டிதர்கள் வாதாடட்டும். பையன்கள் தேட வேண்டியது, ஒற்றைக் காலில் நிற்கிற அந்தத் தபசியைப் பார்த்துக் கையைத் தூக்கி நிற்கும் பூனையை. காலடியில் நம்பிக்கையோடு எலிகள்! எந்தப் பூனையை நம்பலாம் என்பதற்கு ஏழாம் நூற்றாண்டிலேயே பாடம் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கடலில் குளிக்கும் விஷயத்தில் மட்டும் கூட்டணி தர்மம் செல்லாது. அந்தக் கரையில் இழுப்பு அதிகம். முழங்கால் தண்ணீரில் நிற்கிறவனையே அலை வாரிக்கொண்டு போகும். பையன் விடவில்லை. "2004 சுனாமியே அந்தக் கோயிலை ஒண்ணும் பண்ணலையே?" என்றான்.

"அது கருங்கல்லுடா. நீ கருங்கல்லா?" என்றாள் பாட்டி. கேஸ் தள்ளுபடி. குளிப்பது குளத்தில், அதுவும் நான் கூட இருக்கும்போது மட்டும்.

எல்லாம் முடிந்தது என்று பேனாவை மூடும்போது சகதர்மிணி வந்தாள். ஐந்து ரதங்களின் படத்தைப் பார்த்தாள்.

"நகுலனுக்கும் சகாதேவனுக்கும் ஷேரிங்கா?"

"ஆமா. ஆனா பேரெல்லாம் பின்னாடி வெச்சது. பாரதத்துக்கும் ரதத்துக்கும் சம்பந்தம் இல்ல."

"இருக்கட்டும். சின்னதா குடிசை மாதிரி இருந்தாலும் திரௌபதிக்குத் தனியா ஒண்ணு இருக்கு பாருங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு ரதமெல்லாம் வேண்டாம். கடலைப் பாத்து ஒரு நாற்காலி, ரெண்டு மணி நேரம். யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷத்துல எந்த ஊருக்குப் போனாலும் நான் சோப்பு டப்பாவைத்தான் தேடிட்டு இருக்கேன்."

ரூபாய் கணக்கில் இதற்குப் பைசா செலவில்லை. ஆனால் நாலு நிபந்தனைகளில் விலை உயர்ந்தது இதுதான் என்று பட்டது. நீங்களும் திட்டம் போடும்போது முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்: 'மாலை 4 முதல் 6 வரை அம்மா இல்லை. எதைத் தேடினாலும் அப்பாவைக் கேட்கவும்.'

காலண்டருக்குக் கீழே ஒட்டியாயிற்று. ஊருக்குக் கிளம்ப இன்னும் பத்து நாள் இருக்கிறது. பையன் இப்போதே பாத்ரூமிலிருந்து ஒத்திகை பார்க்கிறான்: "அப்பா, துண்டு எங்கே?"