சுரண்டுறது யாரு? பழைய மெஷின் ‘ரெஸ்டோர்’ பண்றவங்களுக்கு ஒரு டாக்டரோட இழை

1/ பழைய லேத், டிரில்லிங் மெஷின், எஸ்டேட்ல கிடந்த காபி பல்ப்பர் எல்லாம் காயலாங்கடையில வாங்கி, வீட்டு ஷெட்ல வச்சு ரெஸ்டோர் பண்றவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. அதுல இருக்கிற பழைய பெயின்ட்டைச் சுரண்டுறது யாரு? நீங்களா, இல்ல தினக்கூலிக்கு வந்த பையனா? இழை நீளமாத்தான் இருக்கும். பொறுமையா படிங்க.

2/ கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடின்னு நம்ம பழனி மலையில ரிடையர் ஆகி வீடு கட்டினவங்களுக்கு இப்ப இது ஒரு ஆசை. கோயம்புத்தூர்ல இருந்து லாரியில ஒரு லேத் வருது. ரெண்டு மாசத்துல பளபளன்னு ஒரு வீடியோ வருது. கீழ எல்லாரும் ஹார்ட் போடுறாங்க.

3/ அந்த ஆசையை நான் குறை சொல்ல வரல. நல்ல வார்ப்பிரும்பு பெட் உள்ள பழைய லேத் இன்னும் ரெண்டு தலைமுறைக்கு உழைக்கும். உருக்கிப் போடுறதைவிட ஓட வைக்கிறது நல்லது. கையால ஒரு வேலை செய்யறது மனசுக்கும் நல்லது, இதை நானே பேஷன்ட்டுங்ககிட்ட சொல்றேன். என் சண்டை வேற இடத்துல.

4/ முதல்ல நல்ல உதாரணம். அதுவும் நம்ம மலையிலேயே இருக்கு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துல ஒரு ஆறு இஞ்ச் தொலைநோக்கி. 1850-ல சென்னை வானாய்வகத்துக்காக வாங்கினது. 1898-ல கிரப் கம்பெனி அதை மாத்தி அமைச்சுக் கொடுத்தது. அதுக்கப்புறம் மலையேறி வந்து, தலைமுறை தலைமுறையா சூரியனைப் படம் எடுத்துச்சு.

5/ 1907-ல அங்க வந்தவர் ஜான் எவர்ஷெட். சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா ஓடுறதை 1909-ல கண்டுபிடிச்சவர். கருவியைத் தன் கையால செய்யத் தெரிஞ்சவர். கேம்பிரிட்ஜ்ல இருந்து வந்த ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் கூட, தானே வடிவமைச்ச இன்னொண்ணைச் சேர்த்து ஓட்டினார். பழைய கருவிக்கு மரியாதைன்னா இதுதான். அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவர் கையில அது இருந்துச்சு.

6/ இப்ப அதே ஊர்ல இன்னொரு பழைய மெஷின் கதை. 1980-கள் தொடக்கத்துல செயின்ட் மேரீஸ் ரோட்டுல ஒரு தெர்மாமீட்டர் ஃபேக்டரி வந்துச்சு. பான்ட்ஸ் கம்பெனியோடது. நியூயார்க் மாநிலத்துல வாட்டர்டவுன்ங்கிற ஊர்ல ஓடிட்டு இருந்த செகண்ட் ஹேண்ட் மெஷின்களைப் பிரிச்சுக் கொண்டுவந்து இங்க மாட்டினாங்க. 1998-ல ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போச்சு.

7/ செஞ்ச தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போச்சு. பாதரசம் ஒட்டின உடைஞ்ச கண்ணாடி எங்க போச்சு? 2001 மார்ச்ல ஊர் மக்கள், முன்னாள் தொழிலாளர்கள், பழனி மலை பாதுகாப்புக் குழு, கிரீன்பீஸ் எல்லாரும் சேர்ந்து வெளிய கொண்டுவந்தாங்க. மூஞ்சிக்கல்ல, ஊருக்கு நடுவுல, ஒரு காயலாங்கடையில டன் கணக்குல கிடந்துச்சு. அந்த மாசமே ஃபேக்டரிக்குப் பூட்டு.

8/ 2003-ல சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பக் கப்பலேறுச்சு. மண்ணுல இறங்கினது இறங்கினதுதான். ஃபேக்டரிக்குக் கீழ பாம்பார் சோலை. தொழிலாளர் உடம்புக்குப் பாதரசத்தால கெடுதல் இல்லன்னே கம்பெனி சொல்லிட்டு வந்துச்சு. 591 முன்னாள் தொழிலாளர்களோட ஒப்பந்தம் போட்டது 2016 மார்ச்ல. மூடி பதினஞ்சு வருஷம் கழிச்சு.

9/ உங்க ஷெட்ல நிக்கற ஒத்தை லேத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. அளவுதான் வேற, கணக்கு ஒண்ணுதான். பளபளப்பு ஒருத்தர் வீட்டுக்குப் போகுது, தூசி இன்னொருத்தர் நெஞ்சுக்குள்ள போகுது. பழைய மெஷினை விலை பேசும்போது இந்த ரெண்டாவது ஆளைப் பத்தி யாரும் பேசறதே இல்ல. இனி ஒவ்வொரு விஷமா பார்ப்போம்.

10/ ஈயம். பழைய மெஷின் பெயின்ட்லயும் அதுக்கு அடியில அடிக்கிற ரெட் லெட் பிரைமர்லயும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம்ம நாட்டுல வீட்டுப் பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம் தாண்டக்கூடாதுன்னு விதி வந்ததே 2016-ல, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுவும் வீட்டுப் பெயின்ட்டுக்குத்தான். உங்க லேத்தோட வயசை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

11/ அந்தப் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுக் காய்ச்சலா தேய்ச்சா தூசி. டார்ச் வச்சு எரிச்சா புகை. ரெண்டுமே நேரா நுரையீரலுக்கு. பெரியவங்களுக்கு வயித்து வலி, ரத்த அழுத்தம், ரத்தசோகை, கிட்னி பாதிப்பு. எலும்புல போய் உக்காந்தா இருபது முப்பது வருஷம் அங்கயே இருக்கும். கர்ப்ப காலத்துல எலும்புல இருந்து கிளம்பிக் குழந்தைக்கும் போகும்.

12/ குழந்தைங்க விஷயம் இன்னும் மோசம். ஒரே அளவு ஈயம் வயித்துக்குள்ள போனா, பெரியவங்களைவிடச் சின்னக் குழந்தைங்க உடம்பு நாலஞ்சு மடங்கு அதிகமா உறிஞ்சும். மூளை வளர்ச்சியைத்தான் முதல்ல தொடும். பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. சுரண்டின சட்டையோட வீட்டுக்குப் போற அந்தப் பையன், தன் தங்கச்சியைத் தூக்கிக் கொஞ்சுவான் இல்லையா?

13/ பாதரசம். பழைய டில்ட் ஸ்விட்ச், தெர்மோஸ்டாட், மானோமீட்டர், பாரோமீட்டர் இதுல எல்லாம் இருக்கும். வெள்ளிமணி மாதிரி உருளும், பார்க்க அழகு. முழுங்கினா குடல் ரொம்பக் கொஞ்சம்தான் உறிஞ்சும். ஆவியை மூச்சுல இழுத்தா அதுல சுமார் 80 சதவீதம் உடம்புலயே தங்கிடும். கை நடுக்கம், ஈறு வீக்கம், எரிச்சல் குணம், மறதி, கிட்னி பாதிப்பு.

14/ “குளிர் பிரதேசம்தானே, ஆவியாகாது”ன்னு ஒருத்தர் வாதம் பண்ணார். மூடின அறையில காத்து பாதரச ஆவியால நிறைஞ்சா, 20 டிகிரியிலேயே ஒரு கன மீட்டருக்கு 13 மில்லிகிராம் வரைக்கும் நிக்கும். வேலை செய்யற இடத்துக்குப் பரிந்துரைக்கிற வரம்பு 0.025. குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடி வேலை பார்க்கிற ஊர் நம்ம ஊர். சிந்தினா விளக்குமாறு போடாதீங்க, வாக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம். ரெண்டுமே பரப்பிவிடும். ஜன்னலைத் திறந்துட்டு வெளிய வாங்க. அப்புறம் கெட்டி அட்டையால ஒதுக்கி, மூடியுள்ள பாட்டில்ல சேருங்க.

15/ ஆஸ்பெஸ்டாஸ். பழைய கிளட்ச், பிரேக் லைனிங், பாய்லர் கயிறு, சூடு தாங்குற போர்டு. கம்ப்ரஸர் வச்சு ஊதினீங்கன்னா நாரு காத்துல பறக்கும். அதனால வர்ற நுரையீரல் உறை கேன்சர் இருபது முதல் நாப்பது வருஷம் கழிச்சுத்தான் தலை காட்டும். அன்னைக்கு யாருக்கும் இந்த லேத் ஞாபகம் இருக்காது.

16/ துரு எடுக்கற எலக்ட்ரோலைசிஸ். வீடியோ பார்த்துட்டு சலவை சோடாத் தண்ணியில பேட்டரி சார்ஜர் மாட்டுறீங்க, நல்ல முறைதான். ஆனா எதிர்த் தகடா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீங்க. அதுல இருந்து ஹெக்ஸாவலன்ட் குரோமியம் வரும், கேன்சர் உண்டாக்குற விஷம். சாதா இரும்புத் தகடு போதும். ஹைட்ரஜன் வாயு வரும்ங்கிறதால வெட்டவெளியில வைங்க, பக்கத்துல பீடி வேண்டாம்.

17/ இனி விஷம் இல்லாத ஆபத்து. பழைய மெஷின்ல பெல்ட்டும் கியரும் திறந்தே கிடக்கும். “ஒரிஜினல் லுக் போயிடும்”னு கார்டு மாட்ட மாட்டேங்கிறீங்க. ஓடுற ஒவ்வொரு பாகத்துக்கும் வேலி வேணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே 21-வது பிரிவா எழுதிட்டாங்க. உங்க ஷெட் சட்டப்படி தொழிற்சாலை கிடையாது, இன்ஸ்பெக்டர் வர மாட்டார். அதனால பெல்ட் விரலை விட்டுடுமா?

18/ பழைய கத்தி ஸ்விட்ச் இன்னொரு எமன். மலையில கரன்ட் போறது சகஜம். கரன்ட் போச்சு, கை உள்ள இருக்கு, கரன்ட் வந்துச்சு, மெஷின் தானா ஓடுது. நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் மாட்டினா தானா ஓடாது, மறுபடி பட்டனை அமுக்கணும். பெயின்ட்டுக்கு முன்னாடி இதுக்குச் செலவு பண்ணுங்க. எர்த்தும் சரி பாருங்க.

19/ லேத் முன்னாடி கையுறை போடாதீங்க. பாதுகாப்புன்னு நினைச்சுப் போடுறாங்க, சுத்துற சக்கு கையுறையோட கையையும் இழுத்துக்கும். மோதிரம், தொங்குற துண்டு, ஸ்வெட்டர் கை, துப்பட்டா, விரிச்ச முடி எதுவும் வேண்டாம். சக்கு சாவியை சக்குலயே விட்டுட்டு ஸ்டார்ட் பண்ணாதீங்க. கண்ணாடி கட்டாயம்.

20/ விரல் துண்டாச்சுன்னா என்ன செய்யணும்? கையில சுத்தமான துணி வச்சு அழுத்திப் பிடிச்சு, உயர்த்தி வைங்க. துண்டான விரலை சலைன்ல நனைச்சுப் பிழிஞ்ச துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணிக்குள்ள வைங்க. விரலை நேரா ஐஸ்ல போடாதீங்க. இங்கிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர், முதல் பாதி மலைப்பாதை. சீசன் டிராஃபிக்ல எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்கே தெரியும். விரலை ஒட்ட வைக்கிற நேரத்துல பாதி அந்த வளைவுலயே போயிடும்.

21/ எப்பவும் வர்ற பதில் ஒண்ணு: “அந்தக் காலத்துல எல்லாம் இப்படித்தான் வேலை பார்த்தாங்க, யாருக்கு என்ன ஆச்சு?” ஆச்சுங்க. வயசான டர்னர்களோட கையை ஒரு தடவை எண்ணிப் பாருங்க. நெஞ்சு அடைச்சுப் போனவங்க வந்து கமென்ட் போட முடியாது. நல்லா இருக்கிறவங்க மட்டும்தான் பழைய கதை சொல்றாங்க.

22/ அடுத்தது: “பையனுக்கு மாஸ்க் கொடுத்தேன் சார்.” எந்த மாஸ்க்? கொரோனாவுக்குப் போட்ட சர்ஜிகல் மாஸ்க் ஈயத் தூசியைத் தடுக்காது. இறுக்கமா உக்காருற என்95 தூசியைத் தடுக்கும், ஆனா பாதரச ஆவியை அதுவும் தடுக்காது. முகத்துல ஏதோ ஒண்ணு மாட்டிவிட்டா உங்க மனசுக்கு நிம்மதி, அவ்வளவுதான்.

23/ நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. வாங்கும்போது எந்த வருஷம், எங்க ஓடுச்சு, உள்ள என்ன இருக்குன்னு கேளுங்க. பெயின்ட் நல்லா ஒட்டியிருந்தா சுரண்டவே சுரண்டாதீங்க, மேலேயே அடிங்க. சுரண்டியே ஆகணும்னா ஈரமாக்கிச் சுரண்டுங்க, வீட்டுக்கு வெளிய, குழந்தைங்களும் கர்ப்பிணிகளும் இல்லாத இடத்துல. வேலை முடிஞ்சதும் குளியல், தனி சட்டை, அந்தச் சட்டையைத் தனியா துவைக்கணும். இந்த வேலைக்குப் பதினெட்டு வயசு ஆகாதவங்களைக் கூப்பிடவே கூடாது.

24/ கூலி ஆள் வச்சா, என்ன விஷம்னு அவர்கிட்ட வாயால சொல்லுங்க. என்95 வாங்கிக் கொடுங்க. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியும் முடிஞ்ச பிறகும் ரத்தத்துல ஈய அளவு டெஸ்ட் எடுக்க உங்க காசைக் கொடுங்க. லாரி வாடகை கொடுக்க முடிஞ்சவங்களுக்கு இது முடியும்.

25/ சுரண்டின பெயின்ட், பழைய எண்ணெய், உடைஞ்ச ஸ்விட்ச் எதையும் சோலைச் சரிவுலயோ ஓடையிலயோ கொட்டாதீங்க. மூடியுள்ள டப்பாவுல போட்டு மேல பேர் எழுதி வைங்க. வீட்டு அபாயக் கழிவைத் தனியா பிரிச்சுத்தான் ஒப்படைக்கணும்னு 2016 திடக்கழிவு விதியிலேயே சொல்லியிருந்தாங்க. நகராட்சியில வாங்க மாட்டேன்னா எழுதிக் கொடுத்துக் கேளுங்க. பாதரசக் கண்ணாடி காயலாங்கடைக்குப் போன ஊர் இது. கேக்கற உரிமை வேற எந்த ஊரைவிடவும் நமக்கு அதிகம்.

26/ அடுத்த வீடியோ போடும்போது, பளபளக்கற லேத்துக்கு முன்னாடி ரெண்டு விஷயம் காட்டுங்க: சுரண்டினது யாரு, சுரண்டினது எங்க போச்சு. அந்த வீடியோவுக்கு முதல் ஹார்ட் நான் போடுறேன்.